நோவை வென்று நொந்தவர்

பல் நோவின் கொடுமையை நூலிலே படித்து அறிய முடியாது. பட்டுத்தான் அறிய வேண்டும். நான் அதனை ராகலையிலே, என் ஒன்பதாவது வயதில் பட்டறிந்தேன். தேயிலை மலையையும் லயங்களையும் மூடுபனி ஒன்றாக மறைத்திருந்த மார்கழி மாதத்து இரவு அது. கிராம்பை இடித்துப் பல்லின் குழியில் வைத்தார்கள். உப்பு நீரால் கொப்பளிக்கச் செய்தார்கள். கம்பளியைச் சூடுகாட்டிக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். நோவு எதற்கும் அடங்கவில்லை. விடிந்ததும் பெரட்டுக்குப் போக வேண்டிய தந்தையார், அன்றைய பேரை இழந்து, என்னைத் தோளிலே சுமந்துகொண்டு மருந்து கொடுக்கும் இடத்துக்கு நடந்தார். இருவர் என் தலையையும் கைகளையும் பற்றிக்கொள்ள, ஒருவர் குறட்டால் பல்லைப் பிடுங்கினார். விறைப்பூசி என்ற ஒன்று இருப்பதையே நாங்கள் அறியோம். நான் அலறிய அலறலைக் கேட்கப் பொறாமல் தந்தையார் வெளியே நின்று தம் காதுகளைப் பொத்திக்கொண்டார் என்பதைப் பின்னாளில் அன்னை சொல்லக் கேட்டேன்.

நான் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு மாணாக்கருக்கு விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், நோவின்றிச் சத்திர சிகிச்சை செய்ய வழிகண்டவர்களின் வரலாற்றை ஆவலோடு தேடிப் படித்தேன். நூல்களிற் பல வில்லியம் மோர்ட்டன் என்ற பெயரைச் சொல்லி அமைந்துவிடுகின்றன. அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் மங்கிக் கிடக்கின்றது. அவர் பெரிய சத்திர வைத்தியர் அல்லர். ஒரு சிறு நகரத்துப் பல் வைத்தியர். பிறருடைய நோவைப் போக்கத் தம் உடலையே முதலிற் சோதனைக்கு ஒப்புக்கொடுத்து, ஈற்றில் அத்தகைய சோதனை ஒன்றுக்கே இரையானவர். அவர்தாம் ஹொரஸ் வெல்ஸ். அவருடைய வரலாற்றையே இங்கு சுருங்கக் கூற விழைகின்றேன்.

வெல்ஸ் 1815 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் திகதி அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்திலே பிறந்தார். வசதியுள்ள குடும்பம், நல்ல கல்வி. பத்தொன்பதாம் வயதில் பொஸ்டன் நகருக்குச் சென்று பல் வைத்தியம் பயின்றார். அந்நாளில் அத்தொழிலுக்கெனக் கல்லூரி இருந்ததில்லை. உலகின் முதலாவது பல் வைத்தியக் கல்லூரி 1840 இலேதான் போல்ற்றிமோரில் நிறுவப்பட்டது. ஆதலால் தொழில் தெரிந்த ஒருவரிடம் உடனிருந்து கற்பதே வழக்கம். வெல்ஸ் அவ்வாறு கற்று, 1836 இல் கனெற்றிகட் மாநிலத்து ஹாட்போர்ட் நகரில் தொழிலைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின், பற்களைப் பற்றிய சிறு நூலொன்றையும் வெளியிட்டார். அதே 1838 இல் எலிசபெத் வேல்ஸ் என்னும் நங்கையை மணந்தார்; ஒரு மகனும் பிறந்தான். கைத்திறமும் கண்ணியமும் உள்ளவர் என்ற பெயர் ஊரிலே பரவிற்று. அவரிடம் கற்ற மாணாக்கருள் இருவரை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஒருவர் ஜோன் றிக்ஸ். மற்றவர் முற்கூறிய மோர்ட்டன்.

இளகிய நெஞ்சுடைய ஒருவருக்கு அக்காலத்துப் பல் வைத்தியம் ஏற்ற தொழில் அன்று. 1843 இல் வெல்ஸும் மோர்ட்டனும் பொஸ்டனிற் கூட்டாகத் தொழில் நடத்தினர். செயற்கைப் பற்களைத் தகட்டிலே பொருத்துவதற்குப் புதிய பற்றாசு ஒன்று அவர்களிடம் இருந்தது. ஆனால் அப்பற்களைக் கட்டுவதற்கு முன், வாயில் எஞ்சியிருந்த பழைய வேர்களையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். அந்த வேதனைக்கு அஞ்சி வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கூட்டுத் தொழில் அடுத்த ஆண்டிலேயே குலைந்தது. வெல்ஸ் ஹாட்போர்ட்டுக்கு மீண்டார். நோவை நீக்கினாலன்றித் தம் தொழில் மேலோங்காது என்ற எண்ணம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

விந்தை என்னவென்றால், அவர் தேடிய மருந்து முன்னமே உலகில் இருந்தது. 1772 இல் ஜோசப் பிறீஸ்ற்லி என்ற ஆங்கிலேயர் நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவைக் கண்டறிந்தார். ஹம்பிரி டேவி அதனைத் தாமே பலமுறை முகர்ந்து, தம் பல் ஈற்று நோவு அதனால் தணிந்ததைக் கண்டார். குருதி மிகுதியாகப் பெருகாத சத்திர சிகிச்சைகளில் அதனைப் பயன்படுத்தலாம் என்று 1800 இல் தம் நூலிலே எழுதியும் வைத்தார். அவ்வரிகளை வைத்தியர் எவரும் பொருட்படுத்தவில்லை. முகர்ந்தவர் களித்துச் சிரிப்பதாற் சிரிப்பு வாயு என்று அதற்குப் பெயரிட்டு, மேடைகளில் வேடிக்கை காட்டுவோரிடம் உலகம் அதனை விட்டுவிட்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் நோயாளர் கத்தியின் கீழே கதறினர். மருந்தோ கொட்டகையிற் கூத்தாடிற்று.

1844 டிசம்பர் 10 ஆம் திகதி இரவு, கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் ஹாட்போர்ட்டில் அவ்வேடிக்கையை நடத்தினார். வெல்ஸ் தம் மனைவியோடு அதனைக் காணச் சென்றார். மருந்துக் கடையொன்றில் வேலைசெய்த சாமுவேல் கூலி என்னும் இளைஞர் வாயுவை முகர்ந்து, வெறிகொண்டவர்போல் ஓடி, ஆசனங்களில் மோதிக் காலைக் காயப்படுத்திக்கொண்டார். வெறி தெளிந்து வந்து அமர்ந்தபோது அவர் காலிலிருந்து குருதி வழிந்தது. ஆனால் எப்போது அடிபட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தினர் சிரித்தனர். வெல்ஸ் சிரிக்கவில்லை. எல்லாரும் கண்ட காட்சியிலே அவர் ஒருவர்தாம் மருந்தைக் கண்டார்.

மறுநாளே சோதனை நடந்தது. யார் மீது நடத்துவது? வெல்ஸ் வேறு எவரையும் தேடவில்லை. அவருக்குக் கடைவாயில் நோவு தரும் பல் ஒன்று இருந்தது. தம்முடைய நாற்காலியில் தாமே அமர்ந்தார். கோல்ட்டன் வாயு நிறைந்த பையைக் கொடுத்தார். றிக்ஸ் குறட்டை எடுத்தார். வேடிக்கைக்கு முகர்வதிலும் மிகுதியாக முகர வேண்டும் என்பது அவர்களின் தீர்மானம். அவ்வாறு முகர்ந்தவர் கண்விழிப்பாரா, மாட்டாரா என்பதை அந்த அறையில் நின்ற எவரும் அறியார். வெல்ஸின் தலை பின்னே சாய்ந்தது. றிக்ஸ் பல்லைப் பிடுங்கினார். சிறிது நேரத்தில் வெல்ஸ் விழித்தார். ஊசி குத்திய அளவு நோவும் அவருக்குத் தெரியவில்லை. பல் வைத்தியரின் நாற்காலியிலே நோயாளரை உறங்கவைக்கும் முறை 1844 டிசம்பர் 11 ஆம் திகதி இவ்வாறு பிறந்தது.

கோல்ட்டனிடமிருந்து வாயுவைத் தயாரிக்கும் விதத்தை வெல்ஸ் கற்றுக்கொண்டார். அமோனியம் நைத்திரேற்று என்னும் உப்பைச் சூடாக்கினால் அவ்வாயு வெளிப்படும். அதனைப் பையிலே சேர்த்து, மரக்குழாய் வழியாக நோயாளரை முகரச் செய்தார். சில வாரங்களுக்குள் பன்னிருவருக்கு மேற்பட்டவர்கள் நோவின்றிப் பல் பிடுங்கப் பெற்றனர். அயலிலிருந்த ஏனைய பல் வைத்தியர்களுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். காப்புரிமை பெற்றுப் பொருள் திரட்டும் வழி அவருக்குத் திறந்தே கிடந்தது. அவர் அதனை நாடவில்லை. அது மனித குலத்துக்கு உரியது என்று கருதினார்.

1845 ஜனவரியில் அவர் பொஸ்டனுக்குச் சென்றார். புகழ்பெற்ற சத்திர வைத்தியர் ஜோன் கொலின்ஸ் வாறன் தம் மாணாக்கர் முன்னிலையிற் பேச அவருக்கு இடமளித்தார். பல் நோவுடைய ஒருவர் முன்வந்து அமர்ந்தார். வெல்ஸ் வாயுவைக் கொடுத்து, பையை எடுத்துவிட்டு, பல்லைப் பிடுங்கினார். பிடுங்கும்போது அம்மனிதர் முனகினார். அவ்வளவே! மண்டபம் நகைத்தது, ஏமாற்று வித்தை என்று இகழ்ந்தது. உண்மையில், பல் எப்போது வந்தது என்பதே தமக்குத் தெரியாது என்று அந்நோயாளர் பின்னர் ஒப்புக்கொண்டார். அவருடைய சொல் எவர் காதிலும் ஏறவில்லை. மறுநாட் காலையிலேயே வெல்ஸ் ஊர் திரும்பினார்.

அன்று நிகழ்ந்த தவறு யாது? பையை உரிய நேரத்துக்கு முன் எடுத்துவிட்டதே தவறு என்று வெல்ஸ் தாமே பின்னர் எழுதினார். வாயுவின் இயல்பும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் இன்று அறிவோம். நைதரசு ஒட்சைட்டு வலிமை குறைந்த மயக்கப் பொருள். முழு மயக்கம் உண்டாக வேண்டுமாயின், காற்றுக் கலவாமல் அதனைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் நோயாளருக்கு ஒட்சிசன் கிடையாது. ஆகவே ஏறக்குறைய ஒரு நிமிட நேர மயக்கமே பெறலாம். அதற்குமேல் நீடித்தால் உயிருக்கு ஊறு. எங்கள் ராகலை போன்ற உயர்ந்த மலைப் பிரதேசங்களில், காற்றமுக்கம் குறைவாதலின், அவ்வாயுவின் வலிமை மேலும் குன்றும். இவற்றுள் ஒன்றும் அறியாமல், ஒரு கணத்தைத் தவறவிட்டமைக்காக ஒருவர் பொய்யர் ஆக்கப்பட்டார்.

இப்பகுதியைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு என்னையே சுடும். ஆசிரியனாக இருந்த தொடக்க காலத்தில், மாணாக்கன் ஒருவன் தானே சேகரித்த போத்தல்களையும் குழாய்களையும் கொண்டு ஒட்சிசன் தயாரித்துக் காட்ட முன்வந்தான். இரண்டு நாட்கள் லயத்திலே பழகிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வகுப்பிலே குழாயின் அடைப்பு இளகி வாயு வெளியேறிவிட்டது. அவன் நீட்டிய தணற்குச்சி அணைந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடைப்பைப் பார் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் அதன் பின் எதனையும் செய்து காட்ட எழுந்ததில்லை. அடுத்த ஆண்டிலே மலைக்கு வேலைக்குப் போய்விட்டான். என் சிரிப்பே காரணம் என்று சொல்வதற்கில்லை, வறுமை இருந்தது. ஆயினும், பொஸ்டன் மண்டபத்திலே சிரித்தவர்களை நான் குற்றஞ்சாட்ட வாயெடுக்கும்போதெல்லாம், அவர்களிடையே என் முகமும் தெரிகின்றது.

ஊர் திரும்பிய வெல்ஸ் நோயுற்றார். தொழிலை விடுவதும் மீண்டும் தொடுவதுமாக நாட்கள் கழிந்தன. குளிப்பதற்கான நீர்த்தூவற் கருவி ஒன்றை ஆக்கி 1846 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில், அவரிடம் கற்ற மோர்ட்டன் வேறொரு பொருளைக் கையாண்டார். அது ஈதர். செப்டம்பர் 30 ஆம் திகதி ஈதரை முகரச் செய்து ஒருவரின் பல்லைப் பிடுங்கினார். ஒக்டோபர் 16 ஆம் திகதி மசச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் மோர்ட்டன் ஈதர் கொடுக்க, அதே வாறன் ஒரு நோயாளரின் கழுத்துக் கட்டியிற் கத்தி வைத்தார். நோயாளர் கதறவில்லை. வெல்ஸை நகைத்த நகரம் மோர்ட்டனைப் போற்றிற்று. மோர்ட்டனோ ஈதரோடு நிறமும் மணமும் கலந்து, புதுப்பெயர் சூட்டி, காப்புரிமையும் பெற்றுக்கொண்டார்.

அச்செய்தி கப்பலேறி உலகைச் சுற்றிற்று. இலண்டனில் 1846 டிசம்பரில் முதன்முதல் ஈதர் கொடுத்துச் செய்யப்பட்ட சிகிச்சையும் பல் பிடுங்கியதே. 1847 மார்ச்சில் கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேதான், மசச்சுசெற்ஸ் மாநிலத்தவராகிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். பின்னாளில் மேலைச் சத்திர வைத்திய நூலைத் தமிழிலே தந்தவர் அவர். இவ்வாறு புதிய வைத்தியம் எங்கள் கரைகளை அணுகிக்கொண்டிருந்த வேளையில், அதன் வாயிலைத் திறந்தவர் தமக்கு உரிய இடத்தைக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். வெல்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். பாரிஸ் நகருக்குச் சென்று அங்குள்ள அறிஞர் கழகங்களிடம் முறையிட்டார். 1847 இல் தம் கண்டுபிடிப்பின் வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார்.

அவ்வாண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரபோமை அறிமுகஞ் செய்தார். 1848 ஜனவரியில் நியூயோர்க்குக்குத் தனியே குடிபெயர்ந்த வெல்ஸ், அதனை ஆராயத் தொடங்கினார். பழைய வழக்கப்படி சோதனைப் பொருள் அவருடைய உடலே. நாள்தோறும் மீண்டும் மீண்டும் முகர்ந்தார். தொடர்ந்து முகர்வோரின் அறிவை அது கலக்கிவிடும் என்பதை அன்று எவரும் அறிந்திலர். அவருடைய முப்பத்து மூன்றாம் பிறந்த நாளில், சித்தம் கலங்கிய நிலையில், தெருவிலே சென்ற பெண்கள் மீது அமிலத்தை வீசினார். பிறர் நோவைக் காணப் பொறாத கை அது! சிறையிலே தெளிவு மீண்டபோது தாம் செய்ததை உணர்ந்தார். அதனைத் தாங்க அவரால் இயலவில்லை. மனைவிக்குக் கடிதம் எழுதிவைத்துவிட்டு, ஜனவரி 24 ஆம் திகதி தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அவர் இறப்பதற்குச் சில நாட்களின் முன்னரே, பாரிஸ் வைத்தியச் சங்கம், நோவற்ற சத்திர சிகிச்சையைக் கண்டறிந்த முதல்வர் அவரே என ஏற்றுக் கௌரவித்திருந்தது. அம்மடல் கடல் கடந்து வந்தபோது பெறுவதற்கு அவர் இல்லை. அவர் மறைந்த நான்காம் நாள், இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகே, கால் நகமொன்றை நீக்குவதற்காகக் குளோரபோம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிறீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். நோவை நீக்கும் மருந்துக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை உலகம் அறியத் தொடங்கிற்று. மோர்ட்டனும் சுகப்படவில்லை. உரிமை வழக்குகளிலே பொருளையும் உடலையும் தேய்த்து 1868 இல் மறைந்தார்.

வெல்ஸின் வாயு மட்டும் மீண்டும் எழுந்தது. 1863 இல் கோல்ட்டன் அதனைப் பல் வைத்தியத்திற் புகுத்தினார். பல்லாயிரக் கணக்கானோர் அவ்வாறு பல் பிடுங்கப் பெற்றனர். 1868 இல் சிக்காகோவின் எட்மண்ட் அன்ட்றூஸ் அதனோடு ஒட்சிசனைக் கலந்து கொடுக்கும் முறையைக் கூறினார். அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 1864 இலும் அமெரிக்க வைத்தியச் சங்கம் 1870 இலும் வெல்ஸின் முதன்மையை ஏற்றன. ஹாட்போர்ட் நகரப் பூங்காவில் அவருக்குச் சிலையும் எழுந்தது.

ஆனால் சிலையினும் பெரிது அவர் வாழ்வு தரும் பாடம். நோவை நீக்குவது ஒரு தொழில். நோவு நீங்கி உறங்குபவரின் உயிரைக் காப்பது இன்னொரு தொழில். இவ்விரண்டையும் ஒருவரே செய்யலாம் என்று பல் வைத்திய உலகம் நெடுங்காலம் எண்ணிற்று. ஒரு கை வாயுவைக் கொடுக்க, மறு கை பல்லைப் பிடுங்கிற்று. நிமிர்ந்து அமர்ந்தபடியே நோயாளர் மயங்கினர். மூளைக்குக் குருதி குன்றியும் மூச்சு அடைத்தும் சிலர் மீளாது போயினர். பிறரும் நலமுடன் வந்தமர்ந்த மக்களே. ஒரு பல்லின் பொருட்டு உயிரை இழந்தவர்கள். அதனால் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகின. இங்கிலாந்திலே 2001 ஆம் ஆண்டின் முடிவோடு, பல்லுக்காகக் கொடுக்கும் முழு மயக்கம், அவசர சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைகளுக்கு மட்டுமே உரியதென வரையறுக்கப்பட்டது. உறங்கவைப்பவர் தனி நிபுணராக இருந்து, நாடியையும் மூச்சையும் குருதியின் ஒட்சிசனையும் கணந்தோறும் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய நெறி.

பெரும்பாலான பல் சிகிச்சைக்கு முழு உறக்கம் தேவையும் அன்று. 1884 இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கெயினால் கண்ணை மாத்திரம் விறைக்கச் செய்து காட்டினார். 1943 இல் சுவீடனில் நில்ஸ் லொவ்கிறென் லிக்னோகெயினை ஆக்கினார். ஈற்றிலே இடும் ஊசி அவ்வழி வந்ததே. அடங்கியிருக்க இயலாத சிறு குழந்தைகள், ஊனமுற்றோர், பெருஞ் சிகிச்சை வேண்டுவோர் ஆகியோருக்கே முழு மயக்கம் இன்று பெரிதும் பயன்படுகின்றது.

அண்மையில் என் பல்லொன்றை நீக்க வேண்டியதாயிற்று. இளம் பெண் வைத்தியர் ஒருவர் ஊசியை இட்டு, விறைத்துவிட்டதா என்று இருமுறை கேட்டறிந்த பின்னரே குறட்டை எடுத்தார். அந்தச் சில நிமிடக் காத்திருப்பிலே வெல்ஸை நினைத்தேன். பொஸ்டனில் அவர் காத்திராத அந்தச் சில கணங்களையும் நினைத்தேன். பல் வந்ததே தெரியவில்லை. வெளியே அமர்ந்திருந்த என் மகன் காதைப் பொத்திக்கொள்ள நேரவில்லை, பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். உங்கள் வகுப்பிலே ஒரு மாணாக்கனின் சோதனை தவறும் நாள் வரும், வகுப்பு சிரிக்கும். அப்போது நீங்கள் முதலிற் சென்று அடைப்பைப் பாருங்கள். நான் அதனைக் காலங்கடந்தே கற்றேன்.